நைத்திரிக் அமிலம் படிப்பிக்கும் வகுப்பில்: கொழும்புத் தமிழ் ஆசிரியரும் விஞ்ஞானத்தின் அறக் கேள்விகளும்

க.பொ.த. உயர்தர இரசாயனவியலில் நைத்திரிக் அமிலத் தயாரிப்பு எந்த ஆசிரியரும் விட்டுவிடாத பகுதி. அமோனியாவைப் பிளாற்றினம், றோடியம் கலந்த ஊக்கியின் மேல் ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் ஒட்சியேற்ற வேண்டும். வரும் வாயுவைக் குளிரவிட்டு, மீண்டும் ஒட்சியேற்றி, நீரில் உறிஞ்சவிட வேண்டும். சமன்பாடுகள், நிபந்தனைகள், பயன்கள் என்று வெள்ளவத்தை ரியூசன் வகுப்புகளில் இதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள்.

2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீ மூண்டது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. சரக்குகளில் 25 தொன் நைத்திரிக் அமிலமும், ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் அடக்கம். அமிலக் கொள்கலன் ஒன்று கப்பல் கொழும்புக்கு வருமுன்னரே கசியத் தொடங்கியிருந்தது. அதை இறக்கித் தரும்படி கட்டாரிலும் இந்தியாவின் ஹசீராவிலும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் முடியாது என்றுவிட்டார்கள். ஜூன் 2ஆம் திகதி கப்பல் தாழத் தொடங்கியது. மேற்குக் கரை நெடுக மணலோடு மணலாகப் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின, ஆமைகள் செத்துக் கரை சேர்ந்தன, மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது.

பாடத்தில் வரும் அமிலமும் கப்பலில் வந்த அமிலமும் ஒன்றுதான். கசியும் கொள்கலனை ஏற்க மறுக்கும் உரிமை ஒரு துறைமுகத்துக்கு உண்டா, மறுத்தால் அந்த அபாயம் எங்கே போய்ச் சேரும், ஆபத்தான பொருளைப் பொதி செய்தவரின் பொறுப்பு எதுவரை என்பவை அமிலத்தின் இயல்பு தெரிந்தவர் மட்டுமே சரியாகக் கேட்கக்கூடிய கேள்விகள். அப்படியிருந்தும் இவை வகுப்புக்குள் வருவது அருமை. ஏன் வருவதில்லை, வந்தால் ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார், கையாண்ட பின் தன் கற்பித்தலை எப்படித் திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கொழும்பின் தமிழ்மொழி மூல வகுப்பறைகளை முன்வைத்து இங்கே பார்க்கிறேன்.

பாடவிதானம் இதற்கு முற்றாகக் கதவடைக்கவில்லை. இரசாயனவியலில் கைத்தொழில் இரசாயனமும் சூழல் மாசடைதலும் உண்டு. உயிரியலில் மரபணுத் தொழினுட்பத்தோடு அதன் சமூக, ஒழுக்கப் பிரச்சினைகளும் உண்டு. ஆனால் இவை அலகின் கடைசியில் வருகின்றன. தவணை முடியும் நேரம், விளையாட்டுப் போட்டி, பரீட்சை ஆயத்தம் என்று எல்லாம் ஒன்றாக நெருக்கும் கிழமைகளில் கடைசிப் பகுதிதான் முதலில் வெட்டுப்படும். “அதைப் பாத்துப் படிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளையள்” என்ற ஒரு வசனத்தோடு அறக் கேள்வி முடிந்துவிடும். பரீட்சையும் இதற்கு ஒத்துழைக்கிறது. உயர்தரப் பல்தேர்வு வினாவில் ஐந்து விடைகள், அவற்றில் ஒன்று சரி. பல்கலைக்கழக அனுமதியை இசட் புள்ளியின் தசமங்கள் தீர்மானிக்கும் நாட்டில், ‘இதற்கு இரண்டு நியாயங்கள் உண்டு’ என்று சொல்லும் ஆசிரியரைப் பிள்ளை சந்தேகத்தோடுதான் பார்க்கும். “சேர், இது சோதினைக்கு வருமா?” என்பது அந்தப் பிள்ளையின் நியாயமான கேள்வி.

ஆசிரியர் ஓய்வறையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில்களைக் கூர்ந்து கேட்க வேண்டும். நேரமில்லை என்பது முதற்பதில். அது உண்மை. இது சமயபாட ஆசிரியரின் வேலை, அல்லது ஞாயிறு அறநெறிப் பாடசாலையின் வேலை என்பது அடுத்தது. இந்தப் பதில் கொழும்புக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் றால்ஃப் லெவின்சனும் ஷீலா டேர்னரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், விஞ்ஞான ஆசிரியர்களில் கணிசமானோர் தங்கள் வேலை உண்மைகளைச் சொல்வது, பெறுமானங்களைப் பேசுவது மற்றப் பாடத்தவர் வேலை என்றே கருதினார்கள். கொழும்பில் இதற்கு மேல் இன்னொரு பதிலும் உண்டு; அது வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் அரச உத்தியோகத்தர். தாபன விதிக்கோவை அவர் தலைக்கு மேலே இருக்கிறது. அதோடு அவர் தமிழர் அல்லது முஸ்லிம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 1983 இனக்கலவரத்தைக் கண்ட பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த முதற்பாடம், வெளியில் வாயைத் திறக்காதே என்பது. அரசாங்கம் எடுத்த முடிவொன்றை விஞ்ஞானத்தை வைத்து எடைபோடும் பாடம் இந்த அச்சத்தின் ஊடாகத்தான் வகுப்புக்குள் வரவேண்டியிருக்கிறது. ‘விஞ்ஞானம் நடுநிலையானது’ என்ற வசனம் பல ஆசிரியர்களுக்குக் கொள்கையாக இருப்பதைவிடப் பாதுகாப்பாகவே இருக்கிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருடைய செலவில் வாங்கப்படுகிறது என்று கேட்டே ஆகவேண்டும்.

ஆசிரியரின் நடுநிலை பற்றி ஐம்பது வருடத்துக்கு மேலாக வாதம் நடக்கிறது. இங்கிலாந்தில் 1967இல் தொடங்கிய மனிதப்பண்பியல் பாடவிதானத் திட்டத்தில் லோரன்ஸ் ஸ்ரென்ஹவுஸ், சர்ச்சைக்குரிய விடயத்தில் ஆசிரியர் ஒரு கூட்டத்தின் தலைவர்போல நடந்துகொள்ள வேண்டும், தன் கருத்தைச் சொல்லக்கூடாது என்றார். 1986இல் தோமஸ் கெலி ஆசிரியரின் நிலைகளை நான்காகப் பிரித்தார்: சர்ச்சையையே தவிர்ப்பவர், தன் கருத்தைத் திணிப்பவர், விவாதத்தை நடத்தித் தன் கருத்தை மறைப்பவர், எல்லாத் தரப்புக்கும் நியாயமாக இடங்கொடுத்துத் தன் கருத்தையும் வெளிப்படையாகச் சொல்பவர். கெலி கடைசி நிலையையே ஆதரித்தார். பிறகு அமெரிக்காவில் ட்றோய் சாட்லர், டேனா சைட்லர் போன்றோர், சமூகத்தில் எரியும் விஞ்ஞானப் பிரச்சினைகளையே பாடத்தின் தொடக்கமாக வைக்கலாம் என்று காட்டினார்கள். இவர்கள் சொன்னதெல்லாம் பயனுள்ளது. ஆனால் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டையே அந்தப் பிரச்சினை எரித்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் போதிய விடை இல்லை. அதைக் கொழும்பு ஆசிரியர் தானே தேட வேண்டியிருக்கிறது.

ஓர் உதாரணம்: 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறந்த எவரது உடலும் தகனம் செய்யப்படவேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தது. உடலைப் புதைத்தால் வைரசு நிலத்தடி நீரில் கலக்கும் என்பது இங்கே சொல்லப்பட்ட காரணம். அந்த வருடம் டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகப் பொரளையில் எரிக்கப்பட்டது. மக்கள் மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். சுகாதார அமைச்சு நியமித்த நிபுணர் குழுவொன்று அடக்கமும் செய்யலாம் என்றது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அதையே சொன்னது. பெப்ரவரி கடைசியில்தான் தடை நீங்கியது. அதன் பிறகும் ஜனாஸாக்கள், அதாவது முஸ்லிம்களின் உடல்கள், அடக்கத்துக்காகக் கொழும்பிலிருந்து கிழக்கே ஓட்டமாவடிக்குக் கொண்டுபோகப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

கொழும்பின் தமிழ்மொழி மூல வகுப்பில் முஸ்லிம் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். வைரசு பற்றிய பாடம் வருகிறது. வைரசு உயிருள்ள கலத்துக்கு வெளியே பெருக முடியாது என்பது சாதாரண தரத்திலேயே படிக்கும் விடயம். நிலத்தடி நீர் பற்றிய அந்த வாதத்தைச் சோதிக்க வேண்டிய உயிரியலில் பாதி அந்த வரியில் இருக்கிறது. வர்த்தமானியில் விஞ்ஞானம் என்ற பெயரில் வந்ததற்கு ஆதாரம் எங்கே, அதற்கு எதிரான ஆதாரம் எங்கே என்று கேட்கத் தேவையான அறிவு பதினாறு வயதுப் பிள்ளையிடம் இருக்கிறது. ஆசிரியர் அந்தப் பாடத்தைக் கட்டமைப்பு, பருமன், உதாரணம் என்று சொல்லி முடித்தால், தன் உறவினரை ஓட்டமாவடியில் அடக்கிய பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? விஞ்ஞானத்துக்குத் தன்மீது எந்தக் கடமையும் இல்லை என்றுதான்.

இந்த இடத்தில் நடுநிலை என்பதை இரண்டாகப் பிரித்துத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. நமக்கு என்ன தெரியும் என்பது ஒரு கேள்வி. அதை வைத்து என்ன செய்யலாம் என்பது வேறு கேள்வி. முதலாவதில் ஆசிரியர் நடுநிலையாக இருக்க உரிமை இல்லை. ஆதாரம் ஒரு பக்கம் நிற்கும்போது இரண்டு பக்கமும் சமம் என்று காட்டுவது பொய். இரண்டாவதில் அவர் பொறுத்திருக்கலாம், பிள்ளைகள் பேசி முடிக்கும்வரை தன் கருத்தைச் சொல்லாமல் இருக்கலாம், கேட்டால் சொல்லலாம். தகனச் சட்டத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டு கேள்விகளையும் அதிகாரத்தில் இருந்தவர்கள் குழப்பினார்கள். வகுப்பிலும் அதே குழப்பம் நடந்தால் பிள்ளைகள் அதற்குப் பழகிப்போவார்கள்.

பசளை விடயம் வேறுவிதமானது. 2021 மே 6ஆம் திகதி இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் ஆயிரக்கணக்கான விவசாயிகளைத் தாக்கிவரும், காரணம் இன்னும் முழுமையாக அறியப்படாத சிறுநீரக நோயும் அதற்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். நெல், தேயிலை விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. கொட்டாஞ்சேனை வகுப்பறைகளில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர். தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் ஆச்சியின் சம்பளம் என்னவாகும் என்பது அவர்களுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். இந்தப் பிள்ளைகளிடம் அமோனியாத் தொகுப்பைப் படிப்பிக்கும்போது பிறிட்ஸ் ஏபரை ஒரு செயன்முறையின் பெயராக மட்டும் விட்டுவிடக்கூடாது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு அவர் கண்ட வழியால் கிடைக்கும் நைதரசனில் தங்கியிருக்கிறது என்பது பரவலான மதிப்பீடு. அதே மனிதர்தான் 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ரேயில் குளோரீன் வாயுவை எதிரிப் படைமீது திறந்துவிடுவதை முன்னின்று நடத்தினார். 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் அவருக்குத்தான்.

ஆனால் ஏபரின் கதையை மட்டும் சொல்லி முடித்தால் ஒரு வசதியான முடிவுக்கு வந்துவிடுவோம்: விஞ்ஞானம் கத்தி போன்றது, பிடிப்பவர் கையில் இருக்கிறது என்று. பசளைத் தடை அதைவிடக் கடினமான பாடம். நோக்கம் நல்லது என்றே சொல்லப்பட்டது. நஞ்சில்லா உணவை யார்தான் வேண்டாம் என்பார்? அளவு, காலம், மாற்றுப் பசளையின் நைதரசன் வீதம் என்பவற்றைக் கணக்குப் பார்க்காமல் நல்ல நோக்கத்தைச் சட்டமாக்கியபோது தோட்டக் கொழுந்தும் வயலும் அதன் விலையைக் கொடுத்தன. கணக்கிடாமல் விடுவதும் ஓர் அறப்பிழை என்பதை மோல் கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியரைவிட யாரால் தெளிவாகக் காட்ட முடியும்?

இதுவரை சொன்னவை வெளியே நடந்து வகுப்புக்குள் வருபவை. கற்பித்தல் முறைக்குள்ளேயே அறக் கேள்வி இருக்கும் இடங்களும் உண்டு. தன்னைத் திரும்பிப் பார்க்கும் ஆசிரியர் அவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மரபுரிமைப் பாடத்தில் குருதி இனங்கள் வருகின்றன. “நாளைக்கு அம்மா, அப்பாவின் குருதி இனத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ” என்பது ஆண்டாண்டாகக் கொடுக்கப்படும் வீட்டுவேலை. பிள்ளைகளுக்கும் பிடிக்கும். மறுநாள் கரும்பலகையில் சதுரங்கள் கீறி விளையாடலாம். ஆனால் தாய் ஏபி, பிள்ளை ஓ என்று ஒரு தாள் வந்தால் என்ன செய்வது? பாடநூல் விதிப்படி அது நடக்காது. பிழையாகப் பதிந்திருக்கலாம், மிக அரிதான மரபு வேறுபாடாக இருக்கலாம், யுத்தத்தில் பெற்றோரை இழந்து சித்தி வீட்டில் வளரும் பிள்ளையாக இருக்கலாம், இன்னும் சொல்லப்படாத வேறு உண்மையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த உண்மையை நாற்பது பேர் முன்னிலையில் வெளிக்கொணர ஆசிரியருக்கு எந்த உரிமையும் இல்லை. கற்பனைக் குடும்பம் ஒன்றின் தரவைக் கொடுத்துக் கணக்குச் செய்வித்தால் பாடம் அப்படியே நிற்கும், எந்தப் பிள்ளையும் அம்பலப்படாது. இவ்வளவு சின்ன மாற்றம். தரவு யாருடையது, அதைக் கேட்க எனக்கு அனுமதி உண்டா என்ற கேள்வியிலிருந்து அது பிறக்கிறது. மருத்துவ ஆய்வின் அறநெறிக்கு அடிப்படையான கேள்வியும் இதுதான்.

அதே அலகில் நெருங்கிய உறவுத் திருமணமும் வருகிறது. மச்சான் மச்சாளைக் கட்டுவது நம் குடும்பங்களில் பழைய வழக்கம். வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் அப்படி ஒரு சோடி இருக்கும். “சொந்தத்துக்குள்ள கட்டினால் பிள்ளை ஊனமாப் பிறக்கும்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனால் இரண்டு பிழைகள் நடக்கின்றன. ஒன்று விஞ்ஞானப் பிழை: பின்னிடைவான பரம்பரை நோய் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் உண்மை, கட்டாயம் நடக்கும் என்பது உண்மையில்லை. மற்றது, நோயோடு பிறந்த தம்பியோ தங்கையோ இருக்கும் பிள்ளை அந்த வாக்கியத்தைத் தன் வீட்டின் மீதான தீர்ப்பாகக் கேட்கிறது. நிகழ்தகவை நிகழ்தகவாகச் சொல்லும் சொற்களைத் தேடிப் பிடிப்பது இங்கே விஞ்ஞானக் கடமையும் அறக் கடமையும் ஒன்றாகும் இடம். தவளையையும் எலியையும் அறுப்பது பற்றிய விவாதம் முன்னைய தலைமுறையில் பெரிதாக இருந்தது. அதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஓர் உயிரைக் கொல்லாமல் அதே விடயத்தைக் காட்ட முடியுமானால் கொல்லத் தேவையில்லை.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் பொதுவான ஒரு விடயம் இருக்கிறது. கொழும்பு மாநகரின் மலக்கழிவுநீர் பல பத்தாண்டுகளாக இரண்டு நீண்ட குழாய்கள் வழியாகக் கடலுக்குள் போகிறது. ஒன்று வெள்ளவத்தையில், மற்றது கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில். கரைக்கு ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறார்கள்; நெடுங்காலம் சுத்திகரிக்காமலே விட்டு வந்தார்கள். குப்பையின் கதையும் இதைப் போன்றதே. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் புளூமெண்டல் குப்பைமேடு 2009 வரை கொழும்பின் குப்பையைச் சுமந்தது. அதை மூடியதும் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், அந்த மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். நீரில் கரைந்த ஒட்சிசன், உக்கல், மீதேன் எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. இவற்றைப் படிப்பிக்கும் ஆசிரியர் வெளியாள் எவரையும் குற்றவாளியாகக் காட்டித் தப்ப முடியாது. அவருடைய வீட்டுக் கழிவும் பிள்ளையின் வீட்டுக் கழிவும் அந்தக் குழாயில்தான் போகின்றன. நமக்குப் பக்கத்தில் இருந்து அகன்ற அபாயம் யார் பக்கத்துக்குப் போனது என்ற கேள்வியை இந்த நகரத்துப் பிள்ளைகளால் பேருந்தில் போய்ப் பார்த்தே கேட்க முடியும். பெரும்பாலான சர்ச்சைகளில் பிள்ளைகள் பார்வையாளர். இதில் அவர்களும் ஒரு தரப்பு. அதனால்தான் இந்தப் பாடத்தை மற்றெல்லாவற்றிலும் மேலாக நான் மதிக்கிறேன்.

விஞ்ஞானிகளே முரண்படும்போது எப்படி முடிவெடுப்பது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தெளிவான வழக்கு இருக்கிறது. வெள்ளவத்தைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது சொந்த ஊர்க் கிணற்றின் கதை. சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றியுள்ள கிணறுகளில் கலந்தது என்று மக்கள் முறையிட்டார்கள். ஒரு பரிசோதனை மாசு உண்டு என்றது, வடமாகாண சபை நியமித்த குழு அப்படியில்லை என்றது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. இரண்டு ஆய்வு அறிக்கைகளை எப்படி ஒப்பிடுவது, மாதிரி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, யார் பணம் கொடுத்தார் என்று தேடிப் படிக்க இந்த வழக்கு ஒன்றே ஒரு தவணைக்குப் போதும்.

கொழும்பில் பிறந்த நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி விஞ்ஞானத்தின் அறப் பொறுப்பு பற்றிய சிந்தனைக்கு நம் நாடு தந்த பெரிய பெயர். 1987இலேயே அணுஆயுதங்களும் விஞ்ஞானிகளின் பொறுப்பும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1996இல் சர்வதேச நீதிமன்றத்தில், அணுஆயுதத்தைப் பயன்படுத்துவது எந்தச் சூழலிலும் சட்டவிரோதம் என்று தனியாக மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அடுத்த வருடம் டானூப் நதி அணை வழக்கில் எழுதிய தனிக் கருத்தில் இலங்கையின் பழங்காலக் குளங்களை நிலைபேறான அபிவிருத்திக்கு முன்னுதாரணமாகக் காட்டினார். அவரை நம் விஞ்ஞான ஆசிரியர் கல்வியில் யாரும் படிப்பிப்பதாகத் தெரியவில்லை. சட்டத்துறைக்காரர் என்று ஒதுக்கிவிட்டோம்.

இனி, திரும்பிப் பார்ப்பது எப்படி என்ற கேள்வி. டொனல்ட் ஷோன் 1983இல் தொழில்வல்லுநர் செய்யும்போதே யோசிப்பதைப் பற்றி எழுதியதிலிருந்து, ஆசிரியர் கல்வியில் ‘பிரதிபலிப்பு’ கட்டாயமாகிவிட்டது. நம் கல்வியியற் கல்லூரி மாணவரும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாக்காரரும் அதை எழுதுகிறார்கள்; பாடக் குறிப்பின் கடைசியில் சுயமதிப்பீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதப்படுவது பெரும்பாலும் ‘மாணவர் ஆர்வமாகப் பங்குபற்றினர், தேர்ச்சி அடையப்பட்டது’ என்ற வரிதான். அதிபரின் கையொப்பத்துக்கு அது போதும். ஜனாஸா பற்றிப் பேச்சு வந்தபோது பின்வாங்கில் யார் தலைகுனிந்து இருந்தார், நான் ஆதாரம் என்று சொன்னது எங்கே முடிந்து என் அபிப்பிராயம் எங்கே தொடங்கியது, எந்தப் பிள்ளையின் கேள்வியை மணியடித்தது என்று சாட்டி நிறுத்தினேன் என்பவை அந்தக் கட்டத்துக்குள் வரவேண்டும். அவை மேற்பார்வைக்குப் போகும் குறிப்பில் வராது, வரவும் முடியாது. அதற்கு வேறொரு கொப்பி வேண்டும், அதை வாசிக்க நம்பிக்கையான இன்னொரு ஆசிரியர் வேண்டும்.

வலய மட்டத்தில் சேவைக்கால ஆலோசகர் கூட்டும் விஞ்ஞான ஆசிரியர் கூட்டங்களில் பேசப்படுவது சித்தி வீதமும் வினாத்தாள் ஆய்வும். அவை தேவைதான். அந்த நாளில் முக்கால் மணித்தியாலத்தை ஒதுக்கி, வெள்ளவத்தையிலிருந்து ஒருவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவரும் தாங்கள் நடத்திய ஒரு பாடத்தைச் சொல்லட்டும். பிள்ளைகள் என்ன கேட்டார்கள், தாம் என்ன பதில் சொன்னோம், சொல்லாமல் விட்டது என்ன என்று மட்டும். முஸ்லிம் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் அந்த மேசையில் இருந்தால் வைரசுப் பாடத்தை மூவரும் சேர்ந்து புதிதாகத் திட்டமிடலாம். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் சுன்னாகத்தையோ மீதொட்டமுல்லையையோ வைத்து ஒரு செயற்றிட்டம் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்தவரை எந்தச் சுற்றறிக்கையும் தடையாக இல்லை. புள்ளித் திட்டத்தில் முடிவுக்கு அல்ல, முடிவுக்குக் காட்டிய ஆதாரத்துக்கும் எதிர்த்தரப்பை எவ்வளவு நியாயமாகச் சொன்னார் என்பதற்கும் புள்ளி கொடுக்க வேண்டும். அந்தப் புள்ளித் திட்டத்தை எழுதுவதுதான் கடினமான வேலை. முதற் கூட்டத்திலேயே அதில் கைவைக்கலாம்.